பாதை அகன்றது, வாழ்வு?

மும்பையில் மின்வண்டி ஏறாத தமிழ்க் குடும்பம் உண்டோ? வண்டி பத்து நிமிடம் தாமதித்தால், இரயில்வே எழுத்தராகிய நம்மைத்தான் அன்பர்கள் கேள்வி கேட்பர். தாமதத்திற்கு ஒரு காரணம், முன்னாளில் தண்டவாளத்தை ஒட்டி நின்ற குடிசைகள். அங்கே சிறுவர் தண்ணீருக்கும் பள்ளிக்கும் பாதையைக் கடந்தே சென்றனர். வண்டிகள் ஊர்ந்தே சென்றன.

2002-இல் உலக வங்கியின் கடனுதவியோடு மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டம் தொடங்கிற்று. இருப்புப்பாதைக்கும் சாலைக்குமாக ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் இடம் பெயர்ந்தனர். குடும்பத்திற்கு 225 சதுர அடி வீடு கிடைத்தது. குடிசைகளைக் கணக்கெடுப்பதில் அங்கு வாழ்ந்தோரும் பங்கு கொண்டனர் என்பது பாராட்டத்தக்கது. அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவர், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். 2000-இல் மகசேசே விருது பெற்ற அவர் 2018-இல் மறைந்தார். மகிளா மிலன் பெண்கள் சேமிப்பையும் கணக்கையும் பேணினர்.

எனினும், வீடு வேறு, வாழ்வு வேறு. கடை இழந்தோரும் குடியிருந்தோரும் 2004 முதல் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். 2006 மார்ச்சில் வங்கி கடனின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. சில மாதங்களுக்குப் பின்னரே மீண்டும் வழங்கிற்று.

நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் மாதுங்காவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி வந்தார். மான்கூர்டு பக்கம் மாடி வீடு கிடைத்தது. கழிப்பறை வீட்டினுள்ளேயே இருப்பதைச் சொல்லும்போது அவர் முகம் மலரும். ஆயின் போக்குவரத்துச் செலவும் நேரமும் கட்டாமல் இரண்டு வீட்டு வேலையை விட்டார். மின்தூக்கி பழுதானால் பராமரிப்புப் பணத்திற்கு ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். "குடிசையில் பயமிருந்தது, தம்பி, இங்கே பாக்கியிருக்கிறது" என்றார்.

பொறியாளர் வரைபடத்தில் தண்டவாளத்தின் நீளம் இருக்கும். பள்ளியின் தொலைவும், வேலைக்குச் செல்லும் பேருந்தும், மின்தூக்கியின் மாதச் செலவும் அதில் இடம் பெறல் வேண்டும். அவை இல்லையேல் கட்டடம் நிலைக்கும், குடும்பம் நிலைக்காது.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய குடியிருப்புகளில் நம்மவர் பலர் உள்ளனர். மராத்தியில் வரும் அறிவிப்பைப் படித்துச் சொல்லவும், வீட்டுச் சங்கக் கணக்கைச் சரிபார்க்கவும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கலாகாதா? விரைந்து செல்லும் வண்டியில் அமர்ந்திருக்கும் நாம், அதற்கு வழிவிட்டவர்க்குக் கடன்பட்டோர் அல்லவா?