படத்தை பார்... கதையை சொல்... அப்புறம் இங்கிலீஷ்ல எழுது!

திருத்தணி:

'குரங்கு வாழைப்பழத்தை பிடுங்கிட்டு ஓடிடுச்சு'. திருத்தணி மலைப்படி ஏறிய எந்த பிள்ளையும் இதை சொல்லும். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை 'கோதி அரட்டிப்பண்டு லாக்குந்தி' என்று சொல்லும். அதே பிள்ளையிடம் 'இதை இங்கிலீஷ்ல ஒரு கதையா எழுது' என்றால் பேனா நகராது.

கதை தெரியாமல் இல்லை. என்ன சொல்வது, அதற்கு இங்கிலீஷ் வார்த்தை எது, வாக்கியத்தை எப்படி கட்டுவது... இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்க முடியாமல்தான் முழிக்கிறது. அதனால் நோட்சை நெட்டுரு போடுகிறார்கள். தாகம் எடுத்த காக்கா கதையை மனப்பாடம் செய்த பையன், பரீட்சையில் நரி கதை கேட்டாலும் காக்காவையே எழுதிவிட்டு வருவான்.

கையில் ஒரு படத்தை கொடுத்தால் மூன்றில் ஒரு சுமை இறங்கிவிடும். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம், அது கண் முன்னாடியே இருக்கிறது.

பழைய சங்கதிதான்

இது ஏதோ புதுசாக கண்டுபிடித்தது இல்லை. கொமேனியஸ் என்ற ஐரோப்பிய ஆசிரியர் 1658-லேயே படம் போட்டு மொழி கற்றுக்கொடுக்கும் புத்தகம் வெளியிட்டார். நம்ம ஊரில் அம்புலிமாமா. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் வந்த பத்திரிகை. ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், தோளில் வேதாளம்... அதை பார்த்தே பாதிக் கதையை புரிந்துகொண்ட தாத்தாக்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் 2 போட்டோவை போட்டு பொருத்தமான வாசகம் எழுதச் சொல்லும் போட்டியும் வரும். வகுப்பறையில் இன்று செய்யச் சொல்வது ஏறக்குறைய அதைத்தான்.

அரசு பள்ளிகளிலும் படம், பாட்டு, பொம்மையோடு பாடம் நடக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13-ந்தேதி தொடங்கப்பட்டதே இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான்.

ஒரே படத்தில் சிக்கல்

ஆனால் படத்தை மட்டும் காட்டிவிட்டு 'எழுது' என்றால் வேலை நடக்காது. 'குரங்கு இருக்கிறது, படி இருக்கிறது, பாட்டி இருக்கிறார்' என்று பிள்ளை பட்டியல் போட்டுவிடும். மளிகைக்கடை சீட்டு மாதிரி இருக்கும், கதையாக இருக்காது.

அதற்கு ரெண்டே ரெண்டு கேள்வி போதும். இந்த படத்துக்கு முன்னாடி என்ன நடந்தது? இதுக்கு அப்புறம் என்ன நடக்கும்? பாட்டி ஏன் தனியாக படி ஏறினார், பழம் யாருக்காக வாங்கினார் என்று பிள்ளையே சொல்ல ஆரம்பிக்கும். முதலில் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லட்டும், தடுக்கக்கூடாது. தாய்மொழியில் கதை ஓடினால்தான் இங்கிலீஷில் நடக்கவாவது செய்யும். பிறகு படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் கோடு இழுத்து இங்கிலீஷ் பெயரை எழுத வேண்டும். மங்கி, ஸ்டெப்ஸ், பேக், பனானா. 10 வார்த்தை சேர்ந்ததும் வாக்கியம்.

இங்கேதான் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம். தமிழிலும் தெலுங்கிலும் வினை கடைசியில் வரும். அதே பழக்கத்தில் 'மங்கி பனானா டுக்' என்று எழுதுவார்கள். இங்கிலீஷில் 'டுக்' நடுவில் வரவேண்டும். குரங்கு, கை, பழம் என்று படத்தில் விரலை வைத்து வரிசையாக நகர்த்தினால் இது சட்டென்று பிடிபடும்.

அடுத்தது 'எ', 'தி' தகராறு. நம்ம மொழியில் இது கிடையாது. முதல் படத்தில் குரங்கு புதுசாக வருகிறது, அது 'எ மங்கி'. இரண்டாவது படத்தில் அதே குரங்கு, இப்போது 'தி மங்கி'. இலக்கண புத்தகத்தில் பக்கம் பக்கமாக படிப்பதை 2 படம் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று காலம். படத்தை வர்ணித்தால் 'தி மங்கி இஸ் சிட்டிங்'. கதை சொன்னால் 'தி மங்கி சேட்'. ரெண்டையும் கலந்தால் மார்க் போய்விடும்.

செல்போன் என்ன செய்யும்?

பெரிய கம்ப்யூட்டர் தேவை இல்லை. அப்பாவின் செல்போன் போதும். மலையின் 365 படி, ஆடிக்கிருத்திகை காவடி, ரெயில் நிலையம், பக்கத்து ஊர் விசைத்தறி... பிள்ளையே 4 போட்டோ எடுத்து வரிசைப்படுத்தலாம். முன்பின் தெரியாத பனிமலை படத்தைவிட, தான் எடுத்த தறி படத்துக்கு கதை தானாக வரும். (அடுத்தவர் முகம் தெரிகிற போட்டோவை கேட்காமல் குரூப்பில் போடக்கூடாது.)

கதையை வாயால் சொல்லி பதிவு செய்து திரும்பக் கேட்டால், விட்டுப்போன இடம் தனக்கே தெரியும். மைக்கை அழுத்தி இங்கிலீஷில் பேசினால் போன் அதை எழுத்தாக்கும். தப்பாக வந்தால், எங்கே உச்சரிப்பு சறுக்கியது என்று பார்க்கலாம்.

காசு செலவில்லாத இன்னொரு வழி 'ஸ்டோரிவீவர்' இணையதளம். பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கியது. அங்குள்ள பல கதைகளை தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் படிக்கலாம். படங்களை எடுத்து நாமே புதுக்கதையும் எழுதலாம். 1960 ஏப்ரலில் ஆந்திராவில் இருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் திருத்தணி. வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை என்று வளரும் பிள்ளைக்கு ஒரே படத்தின் கீழ் மூன்று பாஷையும் கிடைப்பது பெரிய வசதி. 1888-ல் இங்கே தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த ராதாகிருஷ்ணன், பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி இங்கிலீஷில் நூல் நூலாக எழுதியவர்தானே!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்போது படத்தை போட்டால் போனில் உள்ள ஏ.ஐ. நொடியில் முழுக்கதையை எழுதித் தந்துவிடுகிறது. நோட்டில் ஒரு பிழைகூட இருக்காது, பிள்ளைக்கு ஒரு வரிகூட தெரியாது. இதை கண்டுபிடிக்க அம்மா, அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு படத்தை மட்டும் கையில் கொடுத்து, 'இப்ப எனக்கு கதையை சொல்லு' என்று கேட்டால் போதும். சொந்தக் கதை என்றால் தமிழில் கடகடவென்று சொல்லிவிடும்.