காலிக் கட்டத்தில் பொய் எதற்கு?

பழைய மாமல்லபுரம் சாலையில், செங்கல்பட்டு மாவட்டச் சிறுசேரி சிப்காட் வளாகத்தில் தரவு மையங்கள் இருக்கின்றன. இத்தகைய மையங்களில் ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். சர்வரைப் பழுதுபார்க்க நேர்ந்தால், அவற்றை நிறுத்தாமலே அடுத்த சர்வருக்கு மாற்றிவிடலாம். எது எந்தச் சர்வர் என்று மேலாண்மை மென்பொருள் அடையாளம் காண, மதர்போர்டில் பதிந்த தொடர் எண், யூயூஐடி எனும் 128 பிட் எண் போன்றவை உதவுகின்றன. இவை எல்லாச் சர்வரிலும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இல்லாத விவரத்தை இல்லை என்றே பதிய வேண்டும், எதையாவது போட்டு நிரப்பக் கூடாது என்பது என் கட்சி.

இந்த விவரங்களுக்கான எஸ்எம்பயாஸ் தரநிலை இதை நன்றாகவே யோசித்திருக்கிறது. யூயூஐடியின் எல்லா பிட்டும் 0 என்றால் அடையாளம் இல்லை. எல்லாம் 1 என்றால் இப்போது இல்லை, பிறகு பதியலாம். இன்மையிலேயே இரண்டு வகை! நடைமுறையோ வேறு. பல மதர்போர்டுகளில் தொடர் எண் கேட்டால் ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’ என்று வருகிறது. நிரப்ப வேண்டிய தயாரிப்பாளர் நிரப்பவேயில்லை. மலிவு மதர்போர்டுகள் பலவற்றின் யூயூஐடி ஒன்றேதான்: 03000200-0400-0500-0006-000700080009. மெய்நிகர் கணினிகளை மேலாண்மை செய்யும், 2005இல் தொடங்கிய லிப்வர்ட் மென்பொருள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருந்தால் அந்த எண்ணை ஏற்காது. இந்த எண் அந்தச் சோதனையைத் தாண்டிவிடுகிறது. விளைவு, இந்த எண்ணோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு சர்வர்களையும் லிப்வர்ட் ஒன்றென்று நம்பி, ‘அதே சர்வருக்கே மாற்றப் பார்க்கிறீர்கள்’ என்று இடமாற்றத்தை மறுத்துவிடுகிறது. காலியாக விட்டிருந்தால் லிப்வர்ட் தற்காலிகமாக ஓர் எண்ணை உருவாக்கிக்கொண்டிருக்கும்.

எல்லா விவரத்தையும் கட்டாயமாக்கினால் போதாதா என்று கேட்கலாம். கட்டாயப்படுத்தினால் கிடைப்பது விவரமல்ல, கட்டத்தை நிரப்பும் குப்பை. விவரம் தராதபோது மென்பொருளே போடும் இயல்புமதிப்பே கூடாதா என்றால், சில இடங்களில் அதற்கு நியாயம் உண்டு. மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் கார்டுக்கு மேக் முகவரி கொடுக்காவிட்டால், லிப்வர்ட் 52:54:00 என்று தொடங்கும் ஒன்றைத் தானே அமைத்து, அந்தக் கணினியின் நிலையான வரையறையில் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிது கொடுத்தால், மேக் முகவரியை நம்பி ஒதுக்கிய ஐபி கைவிட்டுப் போகும். ஆனால் மெய்நிகர் கார்டு மென்பொருளே படைக்கும் பொருள். தீர்மானிக்கும் உரிமை அதற்கு உண்டு. மதர்போர்டு அப்படியல்ல, அதைப் பார்த்துச் சொல்ல மட்டுமே முடியும். ஆகவே சர்வர்களை ஒரே தொகுதியில் சேர்க்குமுன் அவற்றின் யூயூஐடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால், லிப்வர்ட் அமைப்புக் கோப்பிலேயே வேறு எண் எழுத இடமிருக்கிறது.