அங்காடியிற் கற்கும் சொற்கள்: பின்னிய மொழியும் உணவும்

ஒரு மொழியின் சொற்களை அகராதியிலிருந்து பெறுவதற்கும் அங்காடியிலிருந்து பெறுவதற்குமிடையே கணிசமான வேறுபாடுண்டு. பின்லாந்திற் குடியேறுவோர் இதனை விரைவில் உணர்வர். பின்னியம் இந்தோ-ஐரோப்பிய மொழியன்று; ஊராலிக் குடும்பத்தைச் சார்ந்தது. ஆதலின் ஆங்கிலமறிந்தோர்க்கும் அதன் சொற்கள் அந்நியமாகவே ஒலிக்கின்றன. அதற்குப் பதினைந்து வேற்றுமைகள் உண்டென்ற செய்தியோ அவர்களை மேலும் அச்சுறுத்துகின்றது. (பெயரோடு உருபு ஒட்டும் முறையிற் பழகிய தமிழர் அத்துணை அஞ்ச வேண்டியதில்லை.)

ஹெல்சிங்கித் துறைமுகத்தருகே 1889இல் திறக்கப்பட்ட பழைய சந்தை மண்டபத்திற்குச் செல்லும் ஒருவர் முதலிற் கற்கக்கூடிய சொல் 'லெய்ப'. பாண் என்பது பொருள். 'ருயிஸ்' எனப்படும் றைத் தானியத்தாற் செய்த கரிய, புளிப்பான பாண் 'ருயிஸ்லெய்ப' ஆகும். முழுப் பாண் ஒன்றை வாங்குபவர் 'ஒஸ்தன் லெய்வன்' என்பார். அளவு குறியாது பாண் வாங்குவதாகக் கூறுபவர் 'ஒஸ்தன் லெய்பா' என்பார். முன்னையதிற் பகரம் வகரமாகத் திரிவதும், பின்னையதில் ஈற்றுயிர் நீள்வதும் நோக்கற்பாலன. வாய்பாடாக மனனஞ் செய்தும் மறந்துபோகும் இவ்வேறுபாடு, கையிற் பாணுடன் நிற்கையில் எளிதில் மனத்திற் பதிகின்றது.

அகராதி சில வேளைகளில் வழிதவறவுஞ் செய்யும். சாவோப் பிரதேசத்து உணவான 'கலகுக்கொ' என்பதில் 'கல' மீனைக் குறிக்கும். 'குக்கொ' இன்றைய வழக்கிற் சேவல். ஆயின் அதனுட் கோழியிறைச்சி எதுவுமில்லை. றை மாவுறையுட் சிறுமீன்களும் பன்றியிறைச்சியும் வைத்து நெடுநேரம் வெதுப்பப்பட்டிருக்கும். உண்டு பார்த்தவர் இச்சொல்லை மறப்பதில்லை.

சொற்களுட் சமூக வரலாறும் உறைந்து கிடக்கின்றது. 'கர்யலன்பீரக்க' என்பது கரேலியப் பணியாரம்: மெல்லிய றை உறை, உள்ளே அரிசிக் கூழ், மேலே 'முனவொய்', அதாவது முட்டையும் ('முன') வெண்ணெயும் ('வொய்') மசித்த கலவை. 'பீரக்க' ருஷ்ய மொழி வழி வந்த சொல். இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்திடம் கையளிக்கப்பட, 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுடன் இவ்வுணவும் பெயரும் நாடெங்கும் பரவின. நிலமிழந்தோரின் உணவு தேசிய உணவாகக் கொண்டாடப்படுவதில் ஒரு முரண் உண்டு. விற்பனைப் பொதிகள் அதனைக் கூறுவதில்லை.

பொதிகளிற் பெரும்பாலும் பின்னியத்துடன் சுவீடிய மொழியும் இடம்பெறும். நெடுங்காலம் ஆட்சி மொழியாயிருந்தது சுவீடியமே; 1863இன் மொழிக் கட்டளையே குடியானவர் மொழியான பின்னியத்துக்குச் சமநிலையை நோக்கிய வழி திறந்தது. ஆங்கிலமறிந்தவர் கண் 'மய்தொ' என்பதைக் கடந்து, பாலுக்குரிய சுவீடியச் சொல்லான 'மியொல்க்' என்பதிலேயே பதியும். பொருள் உடனே விளங்கும். பின்னியச் சொல்லோ கற்கப்படாது போகும். விற்பனையாளர் அன்பு மிகுதியால் ஆங்கிலத்திற் பேசத் தொடங்குவதும் இத்தகைய இடையூறே. அவ்வேளையிற் பொருளைச் சுட்டி 'மித தம ஒன்?' (இது என்ன?) என்று மீண்டும் பின்னியத்திலேயே வினவுதல் வேண்டும். மறுமொழியாக ஒரு சொல் கிடைக்கும். பல கடைகளிற் சுவைபார்க்க ஒரு துண்டும் கிடைக்கும்.