கோயிலின் தரையை வாசிப்போம்

தோழர்களே, உதகை காந்தல் குருசடியில் இயேசுவின் சிலுவைத் துண்டு என நம்பப்படும் திருப்பண்டம் இருக்கிறது. மே மாதத் திருவிழாவுக்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் நம் மக்கள் வருகிறார்கள். அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்ல ரோம அரசு வைத்திருந்த கருவி சிலுவை. அதை வணங்குவது மேல்கீழ் முறைக்கு எதிரான அறிக்கை என்றே நாம் வாசிக்கிறோம்.

ஆனால் அந்த அறிக்கையைக் கட்டடம் வாயடைக்கவும் முடியும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்றுதான். அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்கள் பிரிந்தன. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், இடையில் சுவர். எல்லோருக்கும் ஒரே அப்பம் என்ற மறையுரையைத் தரையின் அமைப்பே மறுத்தது. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் அச்சுவரை இடித்தார். வேளாளர் நீதிமன்றம் ஏறியும் சுவர் திரும்பவில்லை.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்திலோ, செத்தவர்களில் தலித்துகளைப் பிரிக்கவும் சுவர் எழுப்பினார்கள்.

ஆகவே மாணவர்களே, கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காதீர்கள். பாஸ்கா நாடகத்தில் இயேசு வேடம் யாருக்குக் கிடைக்கிறது? தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? கல்லறையில் நம் குழி எங்கே? இவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். இடிக்க வேண்டிய சுவர் எதுவென்று அந்தக் குறிப்புகளே காட்டும்.