சமையல் வாயு அடுப்பில் சாண எரிவாயு

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் வட்டாரங்களில் கறவை மாடு வளர்க்கும் குடும்பங்கள் பல. அவர்களுள் பலரது வீட்டிற்குச் சமையல் வாயுச் சிலிண்டரும் வந்துவிட்டது. சாண எரிவாயுக் கலன் ஒன்றைக் கட்டி, அதன் குழாயைப் பழைய அடுப்பிலேயே பொருத்திவிடலாமே என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. எண்ணம் நன்று, செய்யும் முறையில்தான் ஆபத்து இருக்கிறது.

இரண்டும் எரிவாயுவே எனினும் குணத்தால் வேறானவை. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. சாண வாயுவிலோ மீத்தேன் நூற்றுக்கு 55 முதல் 65 பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. ஆதலின் ஒரே கன அளவில் சிலிண்டர் வாயு ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் தரும். அது எரிய 24 பங்குக்குக் குறையாமல் காற்று வேண்டும். சாண வாயுவுக்கு 6 பங்கே போதும். அழுத்தமும் ஒன்றன்று. ரெகுலேட்டர் சுமார் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் வாயுவை விடுகிறது. மிதக்கும் மூடியுள்ள கலனில் அது 10 சென்டிமீட்டர் அளவே. எனவே பழைய ஜெட்டின் நுண்துளை வழியே சாண வாயு போதிய அளவு வாராது. வரும் சிறிதளவும் மிகுதியான காற்றோடு கலப்பதால், சுடர் பர்னரை விட்டெழும்பி அணைந்துபோகும். அணைந்த பின்னும் வாயு கசிந்துகொண்டே இருக்கும்.

ஜெட்டைப் பட்டறையில் துளையிட்டுப் பெரிதாக்கிக்கொள்வோர் உளர். சாண வாயு குறைந்த ஒரு நாளில், வீட்டிலுள்ள வேறொருவர் அறியாமல் அதே அடுப்பில் சிலிண்டரை மாட்டிவிட்டால் என்னாகும்? சுடர் ஆளுயரம் எழாவிட்டாலும், புகைக்கரி படிய எரிந்து, நஞ்சான கார்பன் மோனாக்சைடைச் சமையலறையில் நிரப்பும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகையால் பழைய அடுப்பைத் தொடாமல் விட்டு, ஐ.எஸ். 8749 தரக்குறி பெற்ற சாண எரிவாயு அடுப்பு ஒன்றைத் தனியே வாங்குவதே தக்கது. இரு குழாய்களையும் ஓரிடத்தில் இணைத்தல் கூடவே கூடாது. குளிர் மிகுந்த இப்பகுதியில் குளியலறை வாயு வெந்நீர்க் கருவிகளும் புழங்குகின்றன. அவற்றை மாற்றியமைக்க முயலவே வேண்டாம்.

கலனிலிருந்து வரும் குழாய் சற்றே சாய்வாக இருத்தல் வேண்டும். வாயுவோடு வரும் நீராவி குளிர்ந்து பள்ளத்தில் தேங்கினால் சுடர் துள்ளும். தாழ்வான இடத்தில் ஒரு நீர்வடி திறப்பு வைத்து, வாரம் ஒருமுறை திறந்துவிடுக. இணைப்புகளைச் சவர்க்கார நீரால் சோதிக்கவும், தீக்குச்சியால் அன்று. புதுக் கலனில் முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்குமாதலால், அதை வெட்டவெளியில் விட்டுவிட வேண்டும். கலனின் வாயிலேயே பற்றவைத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வது நலம். சாண வாயுவிலுள்ள கந்தக வாயு பித்தளைத் திருகியை அரிக்கும். திருகி இறுகினால் உடனே மாற்றுக.

பயன் எவ்வளவு? நாள்தோறும் 50 கிலோ சாணத்தை அதே அளவு நீரில் கரைத்து ஊற்றினால், ஏறத்தாழ 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். நான்கைந்து மாடுகள் இதற்குப் போதும். 16 நாட்களில் சேரும் வாயு 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாகும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் குளிரால் நுண்ணுயிர்கள் சோர்ந்து வாயு குறையும். அந்நாட்களில் வெயிலில் வைத்துச் சூடேறிய நீரால் நண்பகலில் கரைத்து ஊற்றுக. குறையும் நாட்களுக்கெனச் சிலிண்டர் அடுப்பு அதன் இடத்திலேயே இருக்கட்டும்.