மூக்கொலிப் பேச்சும் வல்லினமும்: பேச்சுத் தாமதமுடைய குழந்தைகள் பற்றிய சில அவதானங்கள்

இலக்கியத் துறை சார்ந்தோர் குழந்தைகளின் பேச்சுக் குறைபாடு பற்றி எழுதப் புகுவது எல்லை மீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின் மொழியின் பௌதிக அடிப்படை ஒலியே என்பதை ஏற்றுக்கொண்டால், அவ்வொலி ஒரு குழந்தையின் வாயில் ஏன் உருவாகாது போகின்றது என்னும் வினா மருத்துவருக்கு மட்டும் உரியதாகாது. எமது இலக்கண மரபு இது தொடர்பாகப் பயன்தரத்தக்க சில செய்திகளைக் கொண்டுள்ளது. எமது சமூக மரபோ இவ்விடயத்தில் குழந்தைகளுக்குக் கணிசமான தீங்கும் இழைத்துள்ளது. இரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

தொல்காப்பியர் பிறப்பியலில் மெல்லெழுத்துகளுக்குத் தனி இடம் வகுக்கவில்லை. வல்லெழுத்துகள் பிறக்கும் இடங்களிலேயே அவையும் பிறக்கும் என்றும், மூக்கின் வளி உடன்சேர்தலே அவற்றின் வேறுபாடு என்றும் கொண்டார். பிற்காலத்து நன்னூலார் மூக்கையே மெல்லினத்தின் இடமாகக் கூறியமையோடு ஒப்பிடுமிடத்து, முன்னவரின் அவதானமே இன்றைய உடலியலுக்கு அண்மித்தது எனலாம். ப, ம ஆகிய இரண்டுக்கும் இதழ்கள் ஒரே விதமாகவே பொருந்துகின்றன. வேறுபாடு பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவில் உள்ளது. அக்கதவே மெல்லண்ணம். மூச்சு விடும்போது அது தாழ்ந்திருக்கும், வல்லினத்தை ஒலிக்கும்போது மேலெழுந்து, தொண்டையின் பின்சுவரோடு பொருந்தி, மூக்கறைக்குச் செல்லும் வழியை அடைக்கும், மெல்லினத்துக்குத் திறந்துகொள்ளும்.

இக்கதவு சரிவர மூடாவிடின் நிகழ்வது யாது? ப மகரத்தை நோக்கியும், த நகரத்தை நோக்கியும் சரிகின்றன. உயிரெழுத்துகளும் மூக்கொலி பெறுகின்றன. இலக்கணகாரர் இனவெழுத்து எனச் சோடி சேர்த்தவையே இக்குழந்தையின் வாயில் ஒன்றோடொன்று மயங்குகின்றன. இங்கு தமிழுக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. இரட்டித்த வல்லினம் வாயினுள் வளியழுத்தத்தை மிகுதியாக வேண்டுவது. எமது உறவுப் பெயர்களோ பெரும்பாலும் அதனாலேயே ஆனவை: அப்பா, அக்கா, ஆச்சி, தாத்தா, பாட்டி, தங்கச்சி, சித்தப்பா. மெல்லண்ணம் இயங்காத குழந்தைக்கு அம்மா, அம்மம்மா, மாமா, மாமி ஆகியோரே எட்டக்கூடியவர்கள். தந்தையை அழைக்க முயலும் குழந்தை தாயை அழைப்பதாகவே வீட்டார் கேட்கின்றனர். தன்னால் ஒலிக்க இயலாத சொற்களைக் குழந்தை தவிர்க்கவும் தலைப்படுகின்றது. அதனால் சொற்றொகை குறைந்து தோன்றுகின்றது. மூக்கொலியும் பேச்சுத் தாமதமும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கின்றன.

காரணங்கள் பல. அண்ணப்பிளவு வெளிப்படையானது. மேற்றோல் மூடியிருக்க, உள்ளே தசைகள் இணையாதிருக்கும் மறைபிளவு எளிதில் தப்பிவிடும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருத்தல், கைக்குழந்தைப் பருவத்தில் பால் மூக்கால் வருதல் என்பன அதன் அறிகுறிகளாகலாம். 22ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு சிறு பகுதி இல்லாதிருக்கும் நிலையிலும் பேச்சுத் தாமதமும் மூக்கொலியும் அடிக்கடி ஒருங்கே காணப்படுகின்றன. இதயக் குறைபாடும் உடனிருக்கக்கூடுமாதலின், மூக்கொலியை வெறும் உச்சரிப்புப் பிரச்சினையாகக் கருதுவது ஆபத்தானது. நரம்புத் தளர்ச்சி, செவிப்புலக் குறைவு, தவறாகப் பழகிய உச்சரிப்பு என்பனவும் உள்ளன. அண்ணப்பிளவுடைய குழந்தைகளின் நடுச்செவியில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம். அரைகுறையாகக் கேட்கும் குழந்தை அரைகுறையாகவே பேசும்.

இதற்கு நேர்மாறான நிலையும் மக்கள் வழக்கில் ‘மூக்காலே பேசுறது’ என்றே குறிக்கப்படுகின்றது. தடிமன் பிடித்தவரைப் போல மூக்கு அடைபட்டிருக்க, மகரம் பகரமாக ஒலிப்பது அது. அடினோயிட் இழையம் பருத்திருப்பது குழந்தைகளில் இதற்குப் பொதுவான காரணம். ஒன்றை மற்றதாகக் கொள்வது சிறு பிழையன்று. மறைபிளவுடைய குழந்தைக்கு அவ்விழையமே கதவின் குறையை ஓரளவு ஈடுசெய்துகொண்டிருக்கலாம். அதனை அகற்றியதும் மூக்கொலி வெளிப்பட்டுவிடும். வேறுபாட்டை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘பாப்பா’ எனச் சொல்வித்தால் ஒலி மாறலாகாது. மாறுமாயின் மூக்கால் வளி கசிகின்றது. ‘மாமா’ எல்லோருக்கும் மாறும். மூக்கைப் பிடியாமலே ‘மாமா’ என்பது ‘பாபா’ எனக் கேட்குமாயின் அடைப்பு உள்ளது. இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றன்று. பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதற்கான குறியே.

மழலை பற்றிய எமது இலக்கிய மரபின் பங்கையும் இங்கு மறைத்தல் கூடாது. குறளிலிருந்து பிள்ளைத்தமிழ் வரை தெளிவற்ற பேச்சு இனிமையின் உச்சமாகப் போற்றப்பட்டுள்ளது. அவ்வழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைத்தமிழின் குழந்தை தெய்வமோ அரசனோ. அது பருவந்தோறும் தவறாது வளரும். வயலுக்கோ கொழுந்தெடுக்கவோ செல்லும் தாயின் குழந்தை மூன்று வயதிலும் தெளிவின்றிப் பேசினால் ‘மழலை, போகப்போகச் சரிவரும்’ என்று காலங்கடத்தப்படுகின்றது. சரிவராதபோது அதே பேச்சு ஏளனத்துக்குரியதாகின்றது. பிளந்த அண்ணத்தைக் கிரகணத்தின்போது கர்ப்பிணி செய்த தவற்றின் விளைவாகக் காண்பது, குறையின் பொறுப்பைத் தாய்மீது சுமத்தும் கருத்தியலேயன்றி வேறில்லை. ஊமையையும் செவிடையும் பயனற்ற பிறப்புகளாக அடுக்கும் பாடல் புறநானூற்றிலேயே உண்டு என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இவ்விடயத்தின் வர்க்கப் பரிமாணத்தை எமது நாட்டின் வரலாறே தெளிவாகக் காட்டுகின்றது. 1980களின் நடுப்பகுதியில் தென்னிலங்கையில் காலியை மையமாகக் கொண்டு மைக்கல் மார்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவரும் குழுவினரும் உதடு, அண்ணப்பிளவுத் திட்டமொன்றைத் தொடங்கினர். பிரித்தானியாவில் அண்ணப்பிளவுக்குச் சிசுப்பருவத்திலேயே சத்திரசிகிச்சை செய்யப்பட்டுவந்தமையால், சிகிச்சை பெறாத வளர்ந்தோரை அங்கு காண்பது அரிது. இங்கோ அத்தகையோர் பலர் இருந்தனர். அவர்களை ஆராய்ந்ததன் மூலம், சிகிச்சை பெறாத மேற்றாடை பெரும்பாலும் இயல்பாக வளரக்கூடியது என்றும், தாடை வளர்ச்சிக் குறைவுக்குச் சத்திரசிகிச்சையே கணிசமான காரணம் என்றும் உலக மருத்துவம் அறிந்துகொண்டது. குழுவினர் சிகிச்சையும் அளித்தனர். அவர்தம் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அவ்வறிவுக்கு மூலப்பொருளானது ஏழைகள் சிகிச்சையின்றிக் கழித்த ஆண்டுகளே என்பதைச் சொல்லாதிருக்க முடியாது. இலவச மருத்துவம் நிலவிய நாட்டிலும் நாட்கூலி இழப்பும், நிபுணர் பற்றாக்குறையும், தொலைவும், வெட்கமும் வைத்தியசாலையின் வாயிலை அடைத்து நின்றன என்பதே எமது கணிப்பு.

டெபி செல், பமெலா கிரன்வெல் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு, காலங்கடந்து அண்ணம் தைக்கப்பட்ட இலங்கை இளையோரின் பேச்சைப் பற்றியது. அண்ணம் மூடப்பட்டும் அவர்களிற் பெரும்பாலோரின் பேச்சு சீர்பெறவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. வாயில் அழுத்தம் சேராத குழந்தை, அடைப்பைத் தொண்டைக்குக் கீழிறக்கி மிடற்றிலேயே வல்லினத்தை உண்டாக்கப் பழகுகின்றது. ‘அக்கா’ இரண்டு அகரங்களுக்கிடையே ஒரு விக்கலாகிவிடுகின்றது. பல்லாண்டுப் பழக்கம் மூளையில் மொழியாகவே பதிந்துவிட்டபின் கத்தி அதனை மாற்றாது. 2023இல் வெளியான, 558 சிசுக்களைக் கொண்ட ஐரோப்பிய, தென்னமெரிக்க ஆய்வில், 6 மாதத்தில் சத்திரசிகிச்சை பெற்றோருள் 8.9 வீதத்தினரும், 12 மாதத்தில் பெற்றோருள் 15.0 வீதத்தினரும் ஐந்து வயதில் மெல்லண்ண இயக்கக் குறைவுடையோராயிருந்தனர். ஆறு மாதமே இவ்வளவு வேறுபாட்டைத் தருமாயின், ஆண்டுக்கணக்கான தாமதம் எதனைப் பறிக்கும் என்பதை ஊகிக்கலாம்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். கதவின் குறை உடலமைப்பில் இருப்பின் சத்திரசிகிச்சை, பழக்கத்தில் இருப்பின் பேச்சுப் பயிற்சி, பெரும்பாலும் இரண்டும். பலூன் ஊதுதல், குழல் ஊதுதல் போன்ற பயிற்சிகள் இன்றும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஊதும்போது அண்ணம் இயங்கும் முறை வேறு, பேசும்போது இயங்கும் முறை வேறு. பேச்சைப் பேசியே கற்க வேண்டும். நாக்கின் அடித்தசையை வெட்டுவதும் மூக்கொலியை நீக்காது.

அப்பேச்சு எந்த மொழி என்பதே எஞ்சும் வினா. பேச்சுச் சிகிச்சைக் கல்வி எமது நாட்டில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் வேரூன்றியது. தமிழில் சிகிச்சையளிப்போர் தேவைக்குப் போதியவராக இல்லை. ஆங்கிலச் சோதனைச் சொற்களை மொழிபெயர்ப்பதாற் பயனில்லை. தமிழகத்துப் பேச்சுவழக்கில் சொல்லிறுதி மகர னகரங்கள் தேய்ந்து, முன்னின்ற உயிர் மூக்கொலி பெறுவது இயல்பு. ‘மரம்’ என்பதைக் கொண்டு சோதிப்பவர் நலமான குழந்தையையும் நோயாளியாக்கிவிடுவார். மெல்லினம் அறவே கலவாத காக்கா, சட்டை, பாப்பா, தொப்பி போன்ற சொற்களும், மெல்லினம் நிறைந்தவையும் தனித்தனியே தொகுக்கப்படல் வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய பகுதிகளின் குழந்தைச் சொற்களும் உறவுப் பெயர்களும் தம்முள் வேறுபடுபவை. தமிழ்த் துறைகளின் கிளைமொழி ஆய்வுகள் இத்தொகுப்புக்கு வேண்டிய தரவுகளைத் தரக்கூடியவை. அவற்றில் மூன்று வயதுக் குழந்தை இதுவரை தகவலாளியாக இடம்பெற்றது மிக அரிது.