சட்டம் கையைத் தடுக்கும். கண்ணை யார் காப்பது?

அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவை விட்டு முற்றாக விலகுமாறு ஏவுகின்றது. மதுவின் பொருட்டுப் பதின்மரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. அருந்துபவர் மட்டுமன்றி, விற்பவரும் அதன் கிரயத்தை உண்பவரும் அவர்களுள் அடங்குவர்.

நமது நாட்டின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோருக்கு மதுபானம் விற்பதைத் தடை செய்கின்றது. ஆயினும் உல்லாச விடுதியில் பெற்றோருடன் உணவருந்தும் சிறுவன், அடுத்த மேசையில் நிரம்பும் கிண்ணத்தைக் காண்பதை அத்தடை நிறுத்துவதில்லை. வாங்காத பிள்ளையும் பார்த்துக் கற்றுக்கொள்கின்றது.

சாட்டிக் கடற்கரைக்கும் நயினாதீவுக்கும் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகின்றன. இத்தகைய தீவகத்தில் விடுதியொன்று மதுவரி அனுமதிப்பத்திரம் கோரினால், உரிய பிரதேச செயலகத்துக்கு நமது ஆட்சேபத்தை எழுத்தில் அறிவிப்போம். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. நமது விழிப்பும் அவ்வாறே இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் சந்ததியைக் காப்பானாக! ஆமீன்.